அண்ணனுக்கு ஒரு சிலபஸ், தங்கைக்கு ஒரு சிலபஸ்... பாடத்திட்டம் மாறும்போது அரியர் மாணவர்கள் என்ன ஆகிறார்கள்?

"அண்ணன் புக்கெல்லாம் பரண்ல கட்டி வெச்சிருக்கேன். இறக்கித் தரச் சொல்லவா?"

"வேணாம்மா... எனக்கு சிலபஸே வேற."

இன்ஜினீயரிங் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சு வராமல் இருந்தால்தான் ஆச்சர்யம். அப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். அண்ணன் 2020-ம் ஆண்டு அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் மெக்கானிக்கல் சேர்ந்தவன். தங்கை அதே கல்லூரியில் 2022-ல் சேர்கிறாள். இடைவெளி இரண்டே ஆண்டுகள்தான். காலேஜ், பஸ், கேன்டீன் எல்லாம் அதேதான். ஆனால், அண்ணனின் நோட்ஸ் தங்கைக்குப் பாதிகூடப் பயன்படாது.

அது பரவாயில்லை, புதுப் புத்தகம் வாங்கிக்கொள்ளலாம். பெரிய சிக்கல் அண்ணனுக்குத்தான். அவனுக்கு 'எம்-2' எனப்படும் இரண்டாம் செமஸ்டர் கணக்குப் பாடத்தில் அரியர். அந்தப் பாடத்தை அந்த வடிவத்தில் படித்த கடைசி பேட்ச் அவனுடையது. அவனுக்குப் பின்னால் வந்த ஜூனியர்கள் யாருக்கும் அந்தப் பாடம் கிடையாது. வகுப்பும் நடக்காது. தேர்வு மட்டும் இருக்கும்.

தொழிற்கல்விப் படிப்புகளில் பாடத்திட்டம் மாறுகிறது என்றால், செய்தியில் 'புதிய சிலபஸ் அறிமுகம்' என்று ஒரு வரி வரும். அந்த வரிக்குப் பின்னால் பழைய பாடத்திட்டத்தில் பாதிவழியில் நிற்கும் மாணவர்களை என்ன செய்வது என்ற பெரிய நிர்வாக வேலை இருக்கிறது. அது சரியாக நடந்தால் யாருக்கும் தெரியாது. சறுக்கினால் ஒரு வீட்டின் முதல் பட்டதாரி பட்டம் வாங்குவதே தள்ளிப்போகும்.

'ரெகுலேஷன்' என்றால் என்ன?

இன்ஜினீயரிங் மாணவர்கள் அறிமுகமானதும் கேட்டுக்கொள்ளும் கேள்விகளில் ஒன்று, "நீங்க எந்த ரெகுலேஷன்?" என்பது. ரெகுலேஷன் என்பது வெறும் பாடங்களின் பட்டியல் அல்ல. எத்தனை கிரெடிட் எடுத்தால் பட்டம், இன்டர்னல் மதிப்பெண் எவ்வளவு, வருகைப்பதிவு எவ்வளவு, அரியரை எப்போது எழுதலாம், அதிகபட்சம் எத்தனை ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும் என எல்லாவற்றையும் சொல்லும் விதிப் புத்தகம் அது. ஒரு மாணவர் எந்த ரெகுலேஷனில் சேர்கிறாரோ, இடைவெளி இல்லாமல் படித்தால், கடைசிவரை அதுதான் அவருக்குச் சட்டம்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 2008, 2013, 2017, 2021 என அடுத்தடுத்து ரெகுலேஷன்கள் வந்திருக்கின்றன. பாடக் குறியீட்டைப் பார்த்தே ஒருவர் எந்த ரெகுலேஷன் என்று சொல்லிவிடலாம். ஆங்கில எழுத்துகளுக்கு அடுத்து வரும் முதல் எண் 2 என்றால் 2008 ரெகுலேஷன். 6 என்றால் 2013. 8 என்றால் 2017. 3 என்றால் 2021. கற்பனை வீட்டு அண்ணனின் எம்-2 பாடத்துக்கு எம்.ஏ.8251 என்ற குறியீடு. தங்கையின் இரண்டாம் செமஸ்டர் கணக்குப் பாடத்துக்கு எம்.ஏ.3251. பார்வைக்கு ஓர் எண்தான் வித்தியாசம். உள்ளே இருப்பது வேறு பாடம்.

ஏன் மாற்றுகிறார்கள்?

'நாலு வருஷத்துக்கு ஒரு முறை மாத்தி, பிள்ளைகளை ஏன் குழப்பணும்?' என்று பெற்றோருக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால், மாற்றாமல் இருந்தாலும் இழப்பு மாணவருக்குத்தான்.

எளிய உதாரணம், கம்ப்யூட்டர் பாடம். 2013 ரெகுலேஷனில் முதலாண்டு மாணவர்கள் எல்லோரும் 'சி' மொழியில் புரோகிராம் எழுதக் கற்றார்கள். 2017 ரெகுலேஷனில் அந்த இடத்துக்குப் பைத்தான் வந்தது. வேலைச்சந்தையில் பைத்தானுக்கு மதிப்பு கூடியிருந்த நேரம் அது. அந்த மாற்றம் வராமல் போயிருந்தால், அதற்குத் தனியாக ஒரு கோர்ஸில் சேர்ந்து பணம் கட்ட வேண்டியிருந்திருக்கும்.

மேலிருந்து வரும் அழுத்தமும் உண்டு. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் 2018 ஜனவரியில் ஒரு மாதிரிப் பாடத்திட்டத்தை வெளியிட்டது. நான்கு ஆண்டு இன்ஜினீயரிங் படிப்புக்கு 160 கிரெடிட் போதும், முதலாண்டு மாணவர்களுக்கு வகுப்புகள் தொடங்கும் முன் மூன்று வார அறிமுகப் பயிற்சி வேண்டும் என்றெல்லாம் அது சொன்னது. அதற்கு முன்பே, 2014 ஜூனில் இந்தியா 'வாஷிங்டன் அக்கார்டு' என்ற சர்வதேச உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. தேசிய தர அங்கீகார வாரியத்தின் உரிய அங்கீகாரம் பெற்ற இன்ஜினீயரிங் படிப்புகளை மற்ற உறுப்பு நாடுகளும் ஏற்க அது வழிசெய்கிறது. அதற்கு, ஒவ்வொரு பாடத்தையும் முடித்த மாணவருக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று சிலபஸிலேயே எழுதிக்காட்ட வேண்டும்.

மாநில அரசின் திட்டங்களும் பாடத்திட்டத்துக்குள் வருகின்றன. 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டத்தின் திறன் பயிற்சிகள் இன்ஜினீயரிங் படிப்போடு இணைக்கப்பட்டன. 2022-ல் சேர்ந்தவர்கள் முதலாண்டிலேயே 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்ற இரண்டு பாடங்களைப் படித்தார்கள். தெருக்கூத்து, சிலம்பாட்டம், திணைக் கோட்பாடு ஒன்றில். நெசவு, பானைத் தொழில்நுட்பம், நீர்ப்பாசனம், கணினித் தமிழ் இன்னொன்றில். தங்கையின் புத்தகங்களில் அம்மாவும் புரட்டிப் பார்க்கக்கூடியவை இவைதான்!

கையெழுத்துக்கு முன் மூன்று படிகள்

ஒரு பாடத்திட்டம் ஒரே நாளில் மாறுவதில்லை. முதலில் துறைவாரியாகப் 'போர்டு ஆஃப் ஸ்டடீஸ்' எனப்படும் பாடத்திட்டக் குழு கூடும். பேராசிரியர்கள், வெளிப் பல்கலைக்கழக வல்லுநர்கள், தொழில் துறையினர் உட்கார்ந்து, எந்தப் பாடம் இருக்க வேண்டும், எது போக வேண்டும், எத்தனை மணி நேரம் என்று வரி வரியாகப் பேசுவார்கள். அடுத்தது 'அகாடமிக் கவுன்சில்' எனப்படும் கல்விக் குழு. அங்கே ஒப்புதல் கிடைத்த பிறகுதான் நடைமுறை. பணம், பணியிடம், விதிகள் சம்பந்தப்பட்டவை சிண்டிகேட் வரை போகும்.

தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு வழி வேறு. அவை சொந்தமாகக் குழுக்களை வைத்து, சொந்தப் பாடத்திட்டத்தை உருவாக்கி, தேர்வையும் தாங்களே நடத்தும். பட்டத்தை மட்டும் பல்கலைக்கழகம் தரும். அதனால், பக்கத்துத் தெருவில் ஒரே பிரிவைப் படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு வேறு வேறு சிலபஸ் இருப்பதும் சகஜம்.

ஒரு கல்லூரிக்குள் முடிவை மாற்றுவது ஒப்பீட்டளவில் எளிது. அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. சென்னையில் முடிவான ஒரு பாடத்தை, கடைக்கோடி ஊரில் இருக்கும் கல்லூரியும் அதே வாரத்தில் நடத்தத் தொடங்க வேண்டும். அதற்கு ஆசிரியர் வேண்டும், லேப் வேண்டும், லேபில் புது சாஃப்ட்வேர் வேண்டும், லைப்ரரியில் புத்தகம் வேண்டும். இருபது ஆண்டுகளாக ஒரு பாடத்தை எடுத்த ஆசிரியரும் புதுப் பாடத்தை மாணவருக்கு ஒரு வாரம் முன்னால் படித்துக்கொண்டு போகும் நிலை வரும். புது சிலபஸின் முதல் பேட்ச்சுக்குப் பழைய கேள்வித்தாள்களும் கிடையாது. 'முக்கியக் கேள்விகள்' என்று சீனியர் தரும் பட்டியலும் கிடையாது.

ஒரே ரயில் நிலையம், இரண்டு தண்டவாளங்கள்

புது ரெகுலேஷன் முதலாண்டு மாணவர்களுக்குத்தான் தொடங்கும். ஏற்கெனவே படிப்பவர்கள் பழையதிலேயே தொடர்வார்கள். ஆக, 2021-ல் முதலாண்டு மாணவர்கள் புதிய ரெகுலேஷனிலும், மற்ற மூன்று ஆண்டு மாணவர்கள் 2017 ரெகுலேஷனிலும் ஒரே கட்டடத்தில் படித்தார்கள். இவர்களோடு, படிப்புக் காலம் முடிந்தும் அரியர் வைத்திருக்கும் முந்தைய ரெகுலேஷன் மாணவர்கள் வேறு.

மதிப்பெண் கணக்கும் வேறு. 2017 ரெகுலேஷனில் தியரி பாடங்களுக்கு இன்டர்னல் 20, செமஸ்டர் தேர்வு 80. 2021-ல் அது 40-க்கு 60 என்று மாறியது. தேர்வுத் துறை இரண்டு கணக்கையும் ஒரே நேரத்தில் போட வேண்டும். ஒரே நாளில் பல ரெகுலேஷன்களுக்கான கேள்வித்தாள்கள் தேர்வுக் கூடத்துக்குப் போக வேண்டும். கேள்வித்தாளின் மேலே 'ரெகுலேஷன்ஸ் 2017' என்று அச்சிடப்பட்டிருப்பதை மாணவர்கள் பெரிதாகக் கவனிப்பதில்லை. தவறான தாள் கைக்கு வந்தால் மூன்று மணி நேரமும் வீண். முதலில் பார்க்க வேண்டிய வரியே அதுதான்.

இந்தச் சுமையைக் குறைக்கத்தான் 'சமமான பாடம்' என்ற ஏற்பாடு. பழைய ரெகுலேஷனின் ஒரு பாடமும் புதிய ரெகுலேஷனின் ஒரு பாடமும் உள்ளடக்கத்தில் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், பாடத்திட்டக் குழு இரண்டையும் சமம் என்று அறிவிக்கலாம். ஒத்துப்போகாத பாடத்துக்குப் பழைய சிலபஸிலேயே தனியாகக் கேள்வித்தாள் தயாரிக்க வேண்டும். பல ஆண்டுகளாக வகுப்பில் நடக்காத பாடத்துக்குக் கேள்வி எடுக்கவும், விடைத்தாள் திருத்தவும் ஆட்களைத் தேட வேண்டும்.

எம்-2 சொல்லும் கதை

கற்பனை வீட்டுக்குத் திரும்புவோம். அண்ணனின் எம்-2 பாடத்தில் ஐந்து யூனிட்டுகள். மேட்ரிக்ஸ், வெக்டார் கால்குலஸ், அனலிடிக் ஃபங்ஷன்ஸ், காம்ப்ளெக்ஸ் இன்டகிரேஷன், லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்ம்.

தங்கையின் இரண்டாம் செமஸ்டர் கணக்குப் பாடத்தின் பெயர் புள்ளியியலும் எண்ணியல் முறைகளும். கருதுகோள் சோதனை, சோதனை வடிவமைப்பு, இன்டர்போலேஷன் என்று அது வேறு திசையில் போகிறது. 'ரெண்டாவது செமஸ்டர் கணக்கு நடக்குற கிளாஸ்ல பின்னாடி உட்கார்ந்து கேட்டுக்கோ' என்று அண்ணனிடம் யாராவது சொன்னால், அவன் படிக்க வேண்டிய பாடம் அங்கே நடக்காது.

மேட்ரிக்ஸின் பயணம் இன்னும் சுவாரஸ்யம். 2013 ரெகுலேஷனில் அது முதல் செமஸ்டரில் இருந்தது. 2017-ல் இரண்டாம் செமஸ்டருக்குப் போனது. 2021-ல் மறுபடியும் முதல் செமஸ்டருக்கு வந்தது. பாடம் ஒன்றுதான், வீடு மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. ரெகுலேஷன் மாறிய ஒரு மாணவர் அதை இரண்டு முறை படிக்கவும் நேரலாம், ஒரு முறைகூடப் படிக்காமல் போகவும் நேரலாம்.

இந்த இரண்டாவது ஆபத்துதான் பெரியது.

இடையில் நின்றவர் திரும்பி வந்தால்...

உடல்நலக் குறைவு, குடும்பச் சூழல், திருமணம், பிரசவம், பண நெருக்கடி எனப் பல காரணங்களால் ஒருவர் படிப்பை இடையில் நிறுத்தலாம். வருகைப்பதிவு குறைந்து ஒரு செமஸ்டரை மறுபடி படிக்க நேரலாம். பொதுவாக 75 சதவிகிதம் வருகை வேண்டும். மருத்துவக் காரணம் போன்றவற்றுக்கு 65 சதவிகிதம் வரை சலுகை உண்டு.

அப்படி விட்டவர் திரும்பிச் சேரும்போது, அப்போது நடைமுறையில் இருக்கும் ரெகுலேஷனுக்குள்தான் வர வேண்டும். 2019-ல் சேர்ந்து நான்கு செமஸ்டர் முடித்து விலகிய ஒரு பெண், இரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு ஐந்தாவது செமஸ்டருக்குத் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடன் உட்காரப்போகிறவர்கள் 2021 ரெகுலேஷன் மாணவர்கள். அவர்கள் முதல் நான்கு செமஸ்டர்களில் படித்த சில பாடங்களை அவர் படித்திருக்க மாட்டார். அவர் படித்து பாஸான சில பாடங்கள் இப்போது அடுத்த செமஸ்டரில் வரும்.

கல்லூரியும் பல்கலைக்கழகமும் அவருடைய மதிப்பெண் பட்டியலைப் புதிய பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டு, எது கணக்கில் சேரும், எந்தப் பாடங்களைக் கூடுதலாக எழுத வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். அந்தப் பட்டியல் திரும்பிச் சேரும்போதே கையில் கிடைத்தால் அவர் திட்டமிட்டுப் படிப்பார். கடைசி செமஸ்டரில் 'உங்களுக்கு இன்னும் இரண்டு பாடம் பாக்கி' என்று தெரிந்தால், கையில் இருக்கும் வேலை வாய்ப்பும் நழுவும்.

விதி மாறினால் வீதிக்கு வருவார்கள்

பாடங்களைவிட விதிகள் மாறும்போதுதான் மாணவர்கள் அதிகம் கொதித்தார்கள். 2017 ரெகுலேஷன் வந்தபோது, ஒரு செமஸ்டரில் அரியர் வைத்தவர் அதை அடுத்த செமஸ்டரிலேயே எழுத முடியாது, அந்தப் பாடம் மறுபடியும் நடக்கும் செமஸ்டர் வரை காத்திருக்க வேண்டும் என்ற நிலை வந்தது. முதல் செமஸ்டரில் தவறினால் மூன்றாவது செமஸ்டரில்தான் வாய்ப்பு. மாணவர்கள் 2019-ல் போராட்டத்தில் இறங்கினார்கள். அதன் பின் பல்கலைக்கழகம் விதியைத் தளர்த்தியது.

விதியை எழுதியவர்களுக்கும் காரணம் இருந்தது. பாடத்தை மறுபடி படித்துவிட்டு எழுதட்டும் என்பது கல்விப் பார்வையில் நியாயம்தான். ஆனால், கேம்பஸ் இன்டர்வியூவில் 'அரியர் இருக்கிறதா?' என்ற கேள்வியை எதிர்கொள்ளும் மாணவருக்கு ஒரு வருடக் காத்திருப்பு ரொம்பப் பெரிது. மாற்றத்தைத் திட்டமிடும் மேசையில் மாணவர் தரப்பும் இருக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

டாக்டர், டீச்சர் படிப்பிலும்தான்

இது இன்ஜினீயரிங்குக்கு மட்டுமான கதை அல்ல. எம்.பி.பி.எஸ் படிப்பு 1997-ம் ஆண்டு விதிமுறைகளின்படி இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல் நடந்தது. 2019-ல் சேர்ந்தவர்களிடம் இருந்துதான் 'திறன் சார்ந்த பாடத்திட்டம்' வந்தது. எவ்வளவு மனப்பாடம் செய்தார் என்பதைத் தாண்டி, என்ன செய்யத் தெரியும் என்பதைப் பார்ப்பது இதன் அடிப்படை. தொடக்கத்தில் ஓர் அடிப்படைப் பயிற்சி, நோயாளியிடம் எப்படிப் பேசுவது, மருத்துவ அறம் போன்றவை பாடத்துக்குள் வந்தன. பின்னர், மாணவர்கள் கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்து அவர்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்கும் திட்டமும் சேர்ந்தது.

பி.எட் படிப்பில் மாற்றம் வீட்டு பட்ஜெட்டையே தொட்டது. ஓராண்டாக இருந்த படிப்பு, 2015-16 கல்வியாண்டு முதல் இரண்டு ஆண்டுகளானது. பள்ளியில் நேரடிப் பயிற்சிக்கு அதிக வாரங்கள் கிடைத்தன. கூடவே ஓர் ஆண்டுக் கட்டணமும், வேலைக்குப் போக ஓர் ஆண்டுத் தாமதமும் சேர்ந்தன.

வீட்டில் என்ன செய்யலாம்?

பல்கலைக்கழகம் செய்ய வேண்டியதை அதுதான் செய்ய வேண்டும். ஆனாலும் மாணவரும் பெற்றோரும் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன.

1. உங்கள் ரெகுலேஷன் எது என்று முதலாண்டிலேயே தெரிந்துகொள்ளுங்கள். அதன் விதிகளையும் முழு சிலபஸையும் பி.டி.எஃப்-ஆக இறக்கி மொபைல், மெயில் இரண்டிலும் சேமித்து வையுங்கள்.

2. அரியர் இருந்தால், ஜூனியர்கள் அதே பாடத்தைப் படிக்கும் காலத்திலேயே முடித்துவிடுங்கள். வகுப்பு, ஆசிரியர், நோட்ஸ் மூன்றும் கிடைப்பது அப்போதுதான். உங்கள் பேட்ச் அந்த ரெகுலேஷனின் கடைசி பேட்ச் என்றால் இன்னும் அவசரம்.

3. தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது பாடத்தின் பெயரை நம்பாமல் குறியீட்டைச் சரிபாருங்கள். பெயர் ஒன்றாக இருந்தும் குறியீடு வேறாக இருக்கலாம்.

4. இடைவெளிக்குப் பிறகு திரும்பிச் சேர்ந்தால், கூடுதலாக எழுத வேண்டிய பாடங்களின் பட்டியலை எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்குங்கள். வாய்மொழி உறுதி போதாது.

5. அதிகபட்சக் காலக்கெடுவைக் காலண்டரில் குறித்து வையுங்கள். நான்கு ஆண்டு பி.இ படிப்பை 7 ஆண்டுகளுக்குள், அதாவது 14 செமஸ்டர்களுக்குள் முடிக்க வேண்டும். கெடு தாண்டியவர்களுக்குப் பல்கலைக்கழகம் சிறப்பு வாய்ப்பு அறிவித்த சந்தர்ப்பங்கள் உண்டு. அதை நம்பி இருக்கக் கூடாது.

6. வகுப்பு நடக்காத பாடத்துக்கு ஐ.ஐ.டி-க்களின் என்.பி.டி.இ.எல் வீடியோக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் சிலபஸின் யூனிட்டுகளை வைத்துத் தேடிப் படிக்கலாம்.

முக்கியமாக, பிள்ளைக்கு அரியர் என்று தெரிந்ததும் திட்டித் தீர்ப்பதோடு பேச்சு முடிந்துவிடக் கூடாது. 'எந்தப் பாடம், எந்த ரெகுலேஷன், இன்னும் எத்தனை முறை எழுதலாம்?' என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். பயந்து மறைக்கும் பிள்ளைகளும் பேசத் தொடங்குவார்கள்.

கற்பனை வீட்டின் அண்ணனுக்கு 2027 வரை நேரம் இருக்கிறது. அவனுடைய எம்-2 பாடத்தின் ஐந்து யூனிட்டுகளில் நான்கை அவன் வீடியோ பார்த்தும், பழைய கேள்வித்தாள் போட்டும்தான் படித்தாக வேண்டும். ஆனால், முதல் யூனிட்டான மேட்ரிக்ஸ் மட்டும் தங்கையின் முதல் செமஸ்டர் சிலபஸில் அப்படியே இருக்கிறது. அவள் அதை இப்போதுதான் படித்து முடித்திருக்கிறாள்.

பரணில் இருக்கும் அண்ணன் புத்தகம் அவளுக்குப் பயன்படவில்லை. அவளுடைய நோட்டில் இருக்கும் ஒரு யூனிட் அண்ணனுக்குப் பயன்படும். சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்து வைத்த பிறகு, அதே கூடத்தில் உட்கார்ந்து அவள் சொல்லிக்கொடுக்கலாம். வீட்டில் இரண்டு பேருக்கும் பொதுவாக மிஞ்சியிருக்கும் பாடம் அது.